வீட்டுக் கணினிக்கு இயங்குதளத்தை மாற்றலாமா, வேண்டாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10 போட்ட கணினியை 11-க்கு மாற்றுவதா, அப்படியே விட்டுவிடுவதா, புதிதாக ஒன்று வாங்கிவிடுவதா? தெரிந்தவர்கள் வட்டத்தில் "கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள்" என்று பெயர் வாங்கிய யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. அப்படி வந்து சேர்ந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே. பெரும்பாலும் விண்டோஸ் பற்றித்தான். மேக், லினக்ஸ் பற்றிப் பின்னால் கொஞ்சம் இருக்கிறது.

நன்றாகத்தானே ஓடுகிறது? எதற்கு மாற்ற வேண்டும்?

புதுத் தோற்றத்துக்காக மாற்ற வேண்டியதில்லை. டாஸ்க்பார் நடுவில் வந்து உட்கார்வதால் யாருக்கும் வேலை சீக்கிரம் முடிந்துவிடாது. மாற்றுவதற்கு உருப்படியான காரணம் ஒன்றே ஒன்று: பாதுகாப்புத் திருத்தங்கள் வருகின்றனவா, இல்லையா என்பது.

2015 ஜூலை 29-ல் வெளியான விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. மறுநாள் காலையில் எந்தக் கணினியும் நின்றுவிடவில்லை, நிற்கப்போவதும் இல்லை. அதனால்தான் பலருக்கு இது வெறும் பயமுறுத்தலாகத் தெரிகிறது. உள்ளே நடப்பது வேறு. மாதாமாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் திருத்தங்களை வெளியிடுகிறது. அது வந்ததும், திருத்தத்துக்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த ஓட்டையை அடைத்திருக்கிறார்கள் என்று தோண்டிப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் உண்டு. விண்டோஸ் 10-க்கும் 11-க்கும் அடிப்படை நிரல் பெருமளவு ஒன்றுதான். ஆகவே 11-ல் அடைக்கப்படும் ஓட்டை பல நேரம் 10-லும் இருக்கும், அங்கே அடைக்க ஆள் இருக்காது. புதியதற்கு வரும் ஒவ்வொரு திருத்தமும் பழையதை உடைக்க ஒரு குறிப்பு என்று ஆகிவிடுகிறது.

2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை நினைவிருக்கலாம். அந்த ஓட்டைக்கான திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வந்துவிட்டது. சிக்கியவர்கள் அதைப் போடாதவர்கள். 2014-லேயே ஆதரவு முடிந்துபோன பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஒரு திருத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் அப்படிக் கொடுப்பார்கள் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

நல்ல ஆன்டிவைரஸ் போட்டிருக்கிறேன். அது போதாதா?

போதாது. ஆன்டிவைரஸ் இயங்குதளத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கும் ஒரு நிரல். ஓட்டை இயங்குதளத்திலேயே இருந்தால், உள்ளே வருபவர் முதலில் ஆன்டிவைரஸைத்தான் அணைப்பார். விண்டோஸ் 10-லேயே இருக்கும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸுக்கு 2028 அக்டோபர் வரை வைரஸ் அடையாளப் பட்டியல்கள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. நல்லதுதான், ஆனால் ஓட்டையை அடைப்பது அதன் வேலை இல்லை.

பிரவுசரைப் பொறுத்தவரை இன்னும் சில காலம் ஓடும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியில் ஆதரவு முடிந்தது, குரோம் 2023 தொடக்கம் வரை அதில் புதுப்பிக்கப்பட்டது. பிரவுசரும் கைவிட்ட பிறகு அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பதை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது.

இப்போது முடியாது, கொஞ்ச நாள் தள்ளிப்போட வழி உண்டா?

உண்டு, அதுவும் அதிகாரப்பூர்வமாகவே. நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்கள் என்று வீட்டுப் பயனர்களுக்கு ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். அதில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் வரும். சேர மூன்று வழிகள்: கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒத்திசைக்க விடுவது (இதற்குப் பணம் இல்லை), 1000 ரிவார்ட்ஸ் புள்ளிகளை (மைக்ரோசாஃப்ட் சேவைகளைப் பயன்படுத்தினால் சேர்பவை) கொடுப்பது, அல்லது 30 டாலரோ அதற்கு ஈடான தொகையோ கட்டுவது. எந்த வழியானாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு தேவை. கணினியில் விண்டோஸ் 10-ன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். ஒரு உரிமத்தை 10 கணினிகள் வரை பயன்படுத்தலாம். ஒரே வீட்டில் மூன்று பழைய லேப்டாப் இருந்தால் இது கவனிக்க வேண்டிய விஷயம்.

செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால் சேருவதற்கான இணைப்பு தெரியும். என் கருத்தில், புதுக் கணினி வாங்க யோசிப்பவர்களுக்கும், தகுதி இல்லாத கணினியை வைத்திருப்பவர்களுக்கும் இது நல்ல அவகாசம். தகுதியுள்ள கணினியை வைத்துக்கொண்டு சும்மா தள்ளிப்போடுவதற்கு இதைப் பயன்படுத்துவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

என் கணினி விண்டோஸ் 11-க்குத் தாங்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் என்ற இலவசக் கருவியை இறக்கி ஓட்டுங்கள். எது தேறியது, எது தேறவில்லை என்று வரிசையாகச் சொல்லிவிடும்.

காகிதத்தில் கேட்பது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், செக்யூர் பூட் (நம்பகமான நிரலால் மட்டும் கணினி தொடங்க விடும் பாதுகாப்பு), டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, அப்புறம் அவர்கள் பட்டியலில் உள்ள ஒரு பிராசஸர். ரேமும் இடமும் அநேகமாக எல்லாரிடமும் இருக்கும். ஆட்டம் காண்பது பிராசஸரில்தான். இன்டெல் என்றால் 8-ம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்து ஏற்கிறார்கள் (விதிவிலக்குகள் மிகச் சில). 2017 கடைசி, 2018 வாக்கில் வந்தவை இவை. இன்டெல் ஐ5-8250 என்று இருந்தால் கோட்டுக்குப் பிறகு வரும் 8-தான் தலைமுறை. ஐ5-7200 என்றால் ஏழு, வெளியே. ஐ5-10210 என்றால் பத்து. இந்த எண் செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போனால் தெரியும்.

பிராசஸர் சரியாக இருந்தும் டிபிஎம் இல்லை என்று கருவி சொன்னால் உடனே மனம் தளர வேண்டாம். பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த டெஸ்க்டாப்களில் டிபிஎம் வசதி இருக்கும், பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் அமைப்புப் பக்கம்) அணைக்கப்பட்டிருக்கும். இன்டெல் போர்டில் பிடிடி என்றும், ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்றும் தேடுங்கள். செக்யூர் பூட் விஷயம் கொஞ்சம் சிடுக்கு. டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருந்தால் அதை ஜிபிடி முறைக்கு மாற்றிய பிறகே பயாஸில் யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறைக்குப் போக வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தால் கணினி பூட் ஆகாது. விண்டோஸுக்குள்ளேயே அதற்குக் கருவி உண்டு, ஆனால் பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

"தகுதி இல்லை" என்று வந்துவிட்டது. குறுக்கு வழியில் போட்டுக்கொள்ளலாம் என்று வீடியோக்கள் சொல்கின்றனவே?

போட முடியும். ரூஃபஸ் போன்ற கருவியால் பென்டிரைவ் தயாரித்தால் அந்தச் சோதனைகளைத் தாண்டிவிடலாம். நடைமுறையில் மாதாந்தரத் திருத்தங்களும் பெரும்பாலும் வருகின்றன. ஆனால் அப்படிப்பட்ட கணினிக்குத் திருத்தம் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் எழுதியே வைத்திருக்கிறது. ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்புக்கு நீங்களே மறுபடி பென்டிரைவோடு உட்கார வேண்டும். விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு வந்தபோது, கோர் 2 டூயோ காலத்துப் பழைய பிராசஸர்களில் அது பூட்டே ஆகவில்லை. அதற்குத் தேவையான கட்டளைகள் அந்தச் சில்லுகளில் இல்லை. குறுக்கு வழி அங்கே எடுபடாது.

நோண்டிப் பார்ப்பதில் ஆர்வமுள்ளவர் தன் இரண்டாவது கணினியில் செய்து பார்க்கலாம். அம்மா அப்பாவின் கணினியில் செய்யாதீர்கள். அது மக்கர் பண்ணும் அன்று நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள்.

மாற்றினால் வேகம் கூடுமா?

கூடாது. ஹார்டு டிஸ்கில் ஓடும் கணினி என்றால் இன்னும் மந்தமாகத்தான் ஆகும். 4 ஜிபி ரேம் போதும் என்று அறிவித்திருந்தாலும் நான்கு பிரவுசர் டேப்களைத் திறந்தாலே மூச்சு வாங்கும், 8 ஜிபி இல்லாமல் நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

வேகம்தான் உங்கள் குறை என்றால் உங்களுக்கு வேண்டியது இயங்குதளம் இல்லை, ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக மாட்டும் வேகமான எஸ்எஸ்டி. அதை மாட்டிய பிறகும் இயங்குதளத்தை மாற்றும் எண்ணம் இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றிய முதல் நாளில் கணினி திணறினால் பயப்படாதீர்கள். பின்னணியில் கோப்புகளை அட்டவணைப்படுத்திக்கொண்டும் டிரைவர்களை (பிரின்டர் போன்ற சாதனங்களை இயக்கும் நிரல்களை) இறக்கிக்கொண்டும் இருக்கும்.

என் பழைய மென்பொருள், பிரின்டர் எல்லாம் வேலை செய்யுமா?

முடிவை உண்மையில் தீர்மானிக்க வேண்டியது இந்தக் கேள்விதான், ஆனால் பலர் மாற்றி முடித்த பிறகே இதைக் கேட்கிறார்கள். ஒரு தாள் எடுத்து, கடந்த ஓராண்டில் கணினியில் எதையெல்லாம் திறந்தீர்கள், எதையெல்லாம் செருகினீர்கள் என்று எழுதுங்கள். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் வரி தாக்கலுக்குப் பயன்படும் டிஜிட்டல் கையொப்பச் சாதனம் இந்தப் பட்டியலிலிருந்து எப்போதும் நழுவிப்போகும். அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

10-லிருந்து 11-க்குப் போவதில் பெரும்பாலான டிரைவர்கள் அப்படியே ஓடும். முன்பு விண்டோஸ் விஸ்டா வந்தபோது பிரின்டரும் ஸ்கேனரும் பட்ட பாடு இப்போது இல்லை. ஆனால் விண்டோஸ் 7-லிருந்து நேராக வருபவர்களுக்குப் பழைய ஸ்கேனர்களில்தான் முதல் அடி விழும். தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கு விண்டோஸ் 10 அல்லது 11 டிரைவர் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். இல்லை என்றால், இயங்குதளத்தோடு ஸ்கேனரையும் மாற்றுகிறீர்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11-ல் கோர் ஐசொலேஷன் என்றொரு பாதுகாப்பு உண்டு, அது சில பழைய டிரைவர்களை ஏற்றவே விடாது. அதை அணைத்துவிட்டு டிரைவரை ஓட்டலாம்தான், ஆனால் பாதுகாப்புக்காக மாறிவிட்டு முதல் வேலையாகப் பாதுகாப்பை அணைப்பது வேடிக்கை.

32-பிட் விண்டோஸ் 10 (பழைய கணினிகளுக்கான வகை) வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 11 64-பிட்டில் மட்டும்தான் வருகிறது, 64-பிட் விண்டோஸில் 16-பிட் நிரல்கள் ஓடாது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துக் கணக்கு மென்பொருளை இன்னும் விடாமல் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது முற்றுப்புள்ளி. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் திறக்கும் தளங்களை நம்பியிருந்தால், விண்டோஸ் 11-ல் அந்தப் பிரவுசர் கிடையாது, எட்ஜில் உள்ள ஐஇ மோடில் திறந்து பார்க்க வேண்டும்.

ஆஃபீஸ் 2016, 2019 இரண்டும் 11-ல் ஓடும். ஆனால் அவற்றுக்கும் ஆதரவு முடிந்தது அதே 2025 அக்டோபர் 14-ல்தான். அஞ்சலில் வரும் வேர்டு கோப்பு வழியாகவும் வைரஸ் நுழையும் என்பதால் அதையும் சேர்த்தே யோசியுங்கள்.

தமிழ் எழுத்துருக்களும் தட்டச்சும் என்ன ஆகும்?

யூனிகோடில் எழுதியவற்றுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் லதா, விஜயா எழுத்துருக்களில் அமைத்த பழைய ஆவணங்கள் புதுக் கணினியில் கொஞ்சம் வேறு மாதிரி தெரியலாம், பக்க எண்ணிக்கைகூட மாறலாம். விண்டோஸ் 10-லிருந்தே இவ்விரண்டும் தானாக வருவதில்லை. கூடுதல் தமிழ் எழுத்துருத் தொகுப்பாக, ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதியில் இருக்கின்றன. அங்கே போய்ச் சேர்த்துவிட்டால் ஆவணம் பழையபடி நிற்கும். பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் கோப்புகள் இருந்தால், எழுத்துருக் கோப்பைத் தனியாக நகல் எடுத்து வையுங்கள். அது இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் தெரியும். தட்டச்சு மென்பொருளின் நிறுவல் கோப்பும் உங்கள் கையில் இருக்கட்டும்.

பேக்கப் எடுத்தே ஆக வேண்டுமா? கோப்புகள் அப்படியே இருக்கும் என்றுதானே சொல்கிறார்கள்?

இருக்கும் என்பதுதான் எதிர்பார்ப்பு. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் சிலருடைய ஆவணங்களையும் படங்களையும் அழித்துவிட்டது, மைக்ரோசாஃப்ட் அதன் வெளியீட்டையே நிறுத்திவைத்துச் சரிசெய்தது. எழுதிய அவர்களுக்கே அப்படி நடந்திருக்கிறது என்றால் பேக்கப் இல்லாமல் இறங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வெளி டிஸ்கில் நகல் எடுங்கள். எடுத்த பிறகு இன்னொரு கணினியில் மாட்டி நாலு படம், இரண்டு ஆவணம் திறக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் கழற்றி அலமாரியில் வையுங்கள். அப்கிரேடு நடக்கும்போது அது மாட்டியிருக்க வேண்டாம். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், அவுட்லுக்கின் மின்னஞ்சல்கள் இருக்கும் பிஎஸ்டி கோப்பு, சி டிரைவில் நேரடியாகப் போட்டுவைத்த ஃபோல்டர்கள் ஆகியவை எப்போதும் விடுபடுபவை.

மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் இருக்கிறதே என்பவர்களுக்கு: இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி. மேலும் அது ஒத்திசைவு, இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். விண்டோஸ் 11 நிறுவும்போது டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ் ஃபோல்டர்கள் ஒன்டிரைவுக்குள் நகர்ந்துவிடுவதும் உண்டு. "என் கோப்புகள் காணாமல் போய்விட்டன" என்று வரும் புகார்களில் பல, கடைசியில் ஒன்டிரைவ் ஃபோல்டரில் போய் முடியும்.

இன்னொன்று, பிட்லாக்கர். விண்டோஸின் இந்த வசதியால், உங்களுக்கே தெரியாமல் டிஸ்க் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்பட்டிருக்கலாம். பயாஸில் கைவைத்த பிறகு 48 இலக்க மீட்புச் சாவி கேட்டு கணினி நிற்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று முன்பே பார்த்து, காகிதத்தில் எழுதிவையுங்கள்.

அப்கிரேடு செய்வதா, துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவதா?

10-லிருந்து 11 என்றால் அப்கிரேடு போதும். அதற்குக் கட்டணம் இல்லை. கணினி ஏற்கெனவே ஏதோ கோளாறில் இருந்தால் மட்டும் துடைத்துவிட்டுப் போடுங்கள், குப்பையோடு வீடு மாறுவதில் பயனில்லை. 32-பிட்டிலிருந்து வருபவர்களுக்கும் விண்டோஸ் 7-லிருந்து நேராக வருபவர்களுக்கும் வேறு வழி இல்லை, துடைத்தே ஆக வேண்டும். விண்டோஸ் 7, 8 சாவிகளை வைத்து இலவசமாக மாறும் வழியை 2023-ல் மூடிவிட்டார்கள்.

மாற்றியது பிடிக்கவில்லை என்றால்?

10 நாள் வரை திரும்பலாம். செட்டிங்ஸில் ரிகவரி பக்கத்தில் கோ பேக் பொத்தான் இருக்கும். பழைய விண்டோஸ் ஒரு தனி ஃபோல்டரில் உறங்கிக்கொண்டிருப்பதால்தான் இது முடிகிறது. இடம் அடைக்கிறதே என்று டிஸ்க் கிளீனப் போட்டு அதை அழித்துவிட்டால் பொத்தானும் போய்விடும். ஆகவே அந்தப் பத்து நாளில் பிரின்டர், ஸ்கேனர், கையொப்பச் சாதனம் என்று தாளில் எழுதிய எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

புதுப் பதிப்பு வந்த அன்றே போட்டுவிடலாமா?

மாதாந்தரத் திருத்தமா, ஆண்டுப் பதிப்பா என்று பார்க்க வேண்டும். மாதாந்தரத் திருத்தத்தைச் சில நாட்களுக்குள் போட்டுவிடுங்கள். ஆண்டுப் பதிப்புக்கு அவசரமே இல்லை. ஹோம், புரோ வகைகளில் ஒவ்வோர் ஆண்டுப் பதிப்புக்கும் 24 மாத ஆதரவு உண்டு. மூன்று நான்கு மாதம் மற்றவர்கள் பட்டு முடியட்டும்.

மேக் வைத்திருக்கிறேன். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

அடிப்படை ஒன்றுதான், ஆனால் ஆப்பிள் ஆதரவு முடியும் தேதியை முன்கூட்டிச் சொல்வதில்லை. வழக்கத்தில், தற்போதைய பதிப்புக்கும் அதற்கு முந்தைய இரண்டுக்கும் திருத்தங்கள் வருகின்றன. அதனால் ஒரு பதிப்பு பின்தங்கி இருப்பதில் தவறில்லை. 2019-ல் வந்த கேட்டலினா பதிப்பு 32-பிட் செயலிகளை ஒரேயடியாக நிறுத்தியது, அதற்கு முந்தைய பதிப்பிலிருந்து இப்போது தாவுபவர்கள் தங்கள் செயலிகளைச் சரிபார்க்க வேண்டும். இன்டெல் பிராசஸர் உள்ள மேக் வைத்திருந்தால் 2025-ல் வந்த டஹோ பதிப்புதான் கடைசி. விண்டோஸ் போல 10 நாள் பொத்தான் இங்கே கிடையாது. பின்னால் போக வேண்டுமென்றால் துடைத்துவிட்டு டைம் மெஷின் பேக்கப்பிலிருந்து மீட்க வேண்டும்.

பழைய கணினிக்கு லினக்ஸ் போடலாமா?

அந்தக் கணினியில் நடப்பது பிரவுசர், வீடியோ, கடிதம் எழுதுவது மட்டும் என்றால் தாராளமாக. இலவச இயங்குதளமான லினக்ஸின் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் விண்டோஸ் பழகியவர்களுக்கு அந்நியமாகத் தெரியாது. இன்னொரு வகையான உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு ஐந்தாண்டு திருத்தம் உண்டு. இதிலுள்ள பெரிய வசதி, நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, பிரின்டர் எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். ஃபோட்டோஷாப், சிக்கலான எக்செல் மேக்ரோக்கள், டிஜிட்டல் கையொப்பச் சாதனம் ஆகியவற்றை நம்பிப் பிழைப்பவர்களிடம் நான் லினக்ஸ் பேச்சை எடுப்பதில்லை.

இணையமே இல்லாத கணினி. அதையும் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். பழைய ஸ்கேனருக்கோ டாஸ் நிரலுக்கோ என்று ஒதுக்கிய கணினியை அப்படியே விடுங்கள். இணையக் கேபிளைக் கழற்றி, வைஃபை கடவுச்சொல்லையும் மறக்கச் செய்துவிடுங்கள். பென்டிரைவில் கோப்பு கொண்டுவந்தால் முதலில் திருத்தங்கள் வரும் கணினியில் ஸ்கேன் செய்துவிட்டு இங்கே செருகுங்கள். "ஒரே ஒரு நிமிஷம் மெயில் பார்த்துவிட்டு" என்று யாராவது கேட்டால் உங்கள் போனைக் கொடுங்கள்.